கடல் சாமந்திக்குள் ஒரு குடும்பம்

பொன்மலை
12 ஜனவரி 1936

சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பி அமிர்தராஜுக்கு அக்காள் இருதயமேரி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் நானும் உன் அத்தானும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, தீவுத் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா என்று தெரிய ஆவல்.

நீ அனுப்பிய மணியார்டர் வந்தது. அதன் ஓரத்தில் நாலு வரி எழுத இடம் விட்டிருக்கிறார்கள். நீ வெறுமையாக அனுப்பியிருக்கிறாய். "ஒண்ணும் எழுதலைங்களே அம்மா" என்றார் தபால்காரர். "வேலை அதிகம், நேரம் இருந்திருக்காது" என்று சொல்லிச் சமாளித்தேன்.

உன் பிள்ளை நன்றாக இருக்கிறாள். ஞானஸ்நானத்தன்று நீ கோவிலுக்கு வராததால் பெயரை நான்தான் சாமியாரிடம் சொன்னேன். ஜெபமாலை மாதத்தில் பிறந்தவள் என்று ரோசரி என்று வைத்தேன். உனக்குப் பிடித்ததா என்று இன்றுவரை தெரியாது. காட்டூர் காளியாயி தினம் மாட்டை ஓட்டிக்கொண்டே வந்து வாசலில் கறந்து தருகிறாள். தண்ணீர் கலக்க நான் விடுவதில்லை. டாக்டர் சொன்ன அளவுக்கு நானே கலந்து சங்கில் ஊற்றுகிறேன். அரைச் சங்கு குடித்ததும் என் முகத்தையே பார்க்கிறாள்.

பிரசவத்தில் போன உன் பிலோமியை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து நீ தொட்டில் கிடந்த அறைக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே போயிட்டு வரேன் என்றாய். காலேஜ் வேலையை விட்டுவிட்டுக் கடலுக்கு நடுவில் மீன் இலாகாவில் போய்ச் சேர்ந்துவிட்டாய். உன் துக்கத்தை நான் அளந்து பார்க்க முடியாது. அதனால் குற்றம் சொல்லவில்லை. பிள்ளையைப் பற்றி ஒரு வரி கேள், போதும். 

அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அக்காள்,
இருதயமேரி


குருசடைத் தீவு, பாம்பன் வழி
3 பிப்ரவரி 1936

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். குடிதண்ணீர் படகில் வருகிறது, குறை ஒன்றும் இல்லை. நீங்கள் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். கேட்காமலே எழுதுகிறேன். இங்கே ஆழமில்லாத கடலில் பவளப் பாறைகள் உண்டு. தண்ணீர் வற்றும்போது இடுப்பளவில் நடந்து போகலாம். அடியில் கண்ணாடி பதித்த பெட்டியைத் தண்ணீர்மேல் வைத்துப் பார்த்தால் கீழே இருப்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். கடல் சாமந்தி என்று ஒன்று இருக்கிறது. பார்த்தால் பூ, உண்மையில் அது பிராணி. அதன் விரல்களில் விஷம் உண்டு. தொட்ட மீன் மயங்கிவிடும், அதை அப்படியே விழுங்கிவிடும். ஒரே ஒரு ஜாதி மீன் மட்டும் அந்த விரல்களுக்கு நடுவிலேயே வீடு கட்டினது போலக் குடியிருக்கிறது. கறுப்பு உடம்பு, இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். சீமையில் கண்ணாடித் தொட்டியில் வைத்து அழகு பார்க்கிறார்களாம். இது எப்படி இனம் பெருக்குகிறது என்று கண்டு எழுத வேண்டும் என்பது எனக்கு இட்ட வேலை.

ஒரு சாமந்தியைக் கல்லோடு பெயர்த்து சிமென்டுத் தொட்டியில் வைத்திருக்கிறோம். அதோடு வந்தவை மூன்று மீன்கள். பெரிது ஒன்று, நடுத்தரம் ஒன்று, ஓரமாய் ஒட்டிக்கொண்டு திரியும் பொடிசு ஒன்று. நடுத்தரத்துக்கு முதுகுத் துடுப்பில் ஒரு வெட்டு இருக்கிறது, நண்டு கடித்திருக்கும். அதனால் அடையாளம் தப்பாது.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி,
அமிர்தராஜ்


பொன்மலை
1 மார்ச் 1936

அன்புத் தம்பிக்கு, இங்கு யாவரும் சுகம். நீ இளைத்திருக்கிறாய் என்று இங்கே வந்த மண்டபம் ஸ்டேஷன் பாயின்ட்ஸ்மேன் சொன்னார். முட்டை கிடைத்தால் வாங்கிச் சாப்பிடு.

உன் கடிதத்தை அத்தான் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மூன்று மீனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். "எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்" என்பதில் ரோசரியும் அடக்கம் என்று நானே வைத்துக்கொண்டேன்.

ஆனாலும் அத்தானுக்கு ஒரு சந்தேகம். "பெருசுதான் ஆம்பளையா, கேட்டு எழுது" என்கிறார். ஒர்க்ஷாப்பில் பக்கத்து லேத்துக்காரரிடமும் உன் மீனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

நீ கேட்காததை நானும் கேட்காமலே எழுதுகிறேன். பிள்ளை குப்புறக் கவிழ்ந்துவிட்டாள். கவிழ்ந்தவளுக்குத் திரும்பத் தெரியவில்லை. பாயில் மூக்கு அழுந்த ஒரு கோபம், ஒரு கத்தல். தூக்கி நிமிர்த்தினால் சிரிப்பு. சிரிக்கும்போது இடது கன்னத்தில் மட்டும் குழி விழுகிறது. யாருடைய குழி என்று நான் எழுத வேண்டியதில்லை.

தபசுகாலம் தொடங்கியிருக்கிறது. நீ இருக்கிற இடத்தில் பூசை உண்டா? 

அக்காள்


குருசடைத் தீவு
20 ஏப்ரல் 1936

அன்புள்ள அக்காவுக்கு, நான் நலம். நீங்களும் அவ்விதமே இருக்க வேண்டுகிறேன். பாஸ்குத் திருநாள் பூசைக்குப் பாம்பன் கோவிலுக்குப் படகில் போய் வந்தேன்.

அத்தானின் கேள்விக்குப் பதில்: பெரியதுதான் பெண். செத்த மீன்களை அறுத்துப் பார்த்ததில் பெரியதின் வயிற்றில்தான் சினை இருக்கிறது. வீட்டில் அதிகாரமும் அதனுடையதே. நடுத்தரம் புருஷன். பொடிசு யாருக்கும் பிள்ளை அல்ல, எங்கிருந்தோ வந்து ஒண்டியது.

இதையெல்லாம் அக்காவுக்கு எழுதலாமா என்று கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் இங்கே சொல்ல யாரும் இல்லை. போன வாரம் முட்டையிட்டிருக்கிறது! இரண்டு நாளாகப் புருஷன் மீன் சாமந்தியின் காலடியில் இருந்த கல்லை வாயாலேயே கடித்துக் கடித்துப் பாசி போகச் சுத்தம் செய்தது. பிறகு பெண் அதன்மேல் வயிற்றை உரசிக்கொண்டு மெல்ல மெல்லப் போயிற்று, பின்னாலேயே ஆண் போயிற்று. கல் முழுக்க ஆரஞ்சு நிறத்தில், சீரகத்தைவிடச் சின்னதாக, ஒரு முனை கல்லில் ஒட்டிக்கொண்டு முட்டைகள் நின்றன.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத வந்தேன். தாய் தன் பாட்டில் இரை தேடப் போய்விட்டது. தகப்பன் கல்லை விட்டு அகலவில்லை. பக்கத் துடுப்பால் ஓயாமல் விசிறுகிறது. அப்படி விசிறாவிட்டால் முட்டைக்குக் காற்றுப் போதாது. வெளுத்துக் கெட்டுப்போன முட்டையை வாயால் பொறுக்கி எடுத்துவிடுகிறது, இல்லாவிட்டால் மற்றதையும் கெடுத்துவிடும். நான் கையை விட்டபோது என் விரலைக் கடித்தது. என் உள்ளங்கை அளவுகூட இல்லாத மீன், அக்கா. எத்தனை தடவை கையை விட்டாலும் அத்தனை தடவையும் வந்து கடித்தது.

முட்டைக்குள் இப்போது கண் தெரிகிறது. வெள்ளிப் பொட்டு மாதிரி, ஒரு முட்டைக்கு இரண்டு.

பாப்பா ராத்திரியில் தூங்குகிறாளா? உன்னைத் தூங்க விடுகிறாளா?

தம்பி,
அமிர்தராஜ்


பொன்மலை
8 மே 1936

என் அன்புத் தம்பிக்கு, நாங்கள் சுகம், ரோசரி சுகம், காளியாயி சுகம், அவள் மாடும் சுகம். உன் கடைசி வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

தூங்குகிறாள். ஆனால் தனியாகத் தூங்க மாட்டாள். என் புடவைத் தலைப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டால்தான் கண் சொருகும். கீழே இரண்டு பல் வந்திருக்கிறது. அந்தப் பல்லால் முதலில் கடித்தது உன் அத்தானின் மூக்கை. இந்த வெயிலில் ஒர்க்ஷாப்பிலிருந்து வியர்வையும் கிரீஸுமாக வருகிற மனுஷன், கை கால் கழுவுகிற வரைக்கும் பொறுக்காமல் "எங்கே என் எஞ்சின்?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார். இவளும் தவழ்ந்து போய்க் கதவில் முட்டிக்கொள்கிறாள்.

"ப்பா, ப்பா" என்கிறாள். காக்காயைப் பார்த்தும் ப்பா, விளக்கைப் பார்த்தும் ப்பா. நீ வந்து கேட்க வேண்டும்.

விரலைக் கடித்த அந்த மீனுக்கு என் பங்குக்கு ஒரு இரை அதிகமாகப் போடு. குஞ்சு பொரித்ததா? உடனே எழுது.

அக்காள்,
இருதயமேரி


குருசடைத் தீவு
30 ஜூன் 1936

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசு சரியில்லாமல் இருந்தது.

குஞ்சுகள் பொரித்தன. அந்தி சாய்ந்த கொஞ்ச நேரத்தில் கல்லைவிட்டு எழும்பின. கண்ணாடி நூல் நூலாகத் தண்ணீரில் மிதப்பதுபோல இருந்தது. கடலாக இருந்தால் நீரோட்டம் கொண்டுபோயிருக்கும், சிலதாவது பிழைத்திருக்கும். தொட்டியில் என்ன இரை போடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒன்றும் மிஞ்சவில்லை.

பிறகு மறுபடியும் முட்டையிட்டது. அந்த முட்டைகள் கல்லில் இருக்கும்போதே தாய் மீன் செத்துப் போயிற்று. காரணம் தெரியவில்லை. காலையில் தொட்டியின் மூலையில் சாய்ந்து கிடந்தது. நான் அதை வலையால் எடுத்தேன். தகப்பன் ஒரு முறை வந்து பார்த்தது. திரும்பிக் கல்லுக்குப் போய் விசிற ஆரம்பித்துவிட்டது.

அக்கா, நான் அந்தத் தொட்டிக் கரையில் உட்கார்ந்து அழுதேன். பிலோமி போனபோது நான் அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்களாமே. அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "பிள்ளையைக் காட்டுங்க" என்றாள். நீ காட்டினாய். அவள் பார்த்தாளா, பார்க்கும் முன்னால் போய்விட்டாளா என்று எனக்குத் தெரியாது. பிள்ளை முகத்தைப் பார்த்தால் அந்தக் கேள்விதான் எனக்கு முன்னால் வந்து நிற்கும் என்று பயந்தேன்.

இப்போது அவளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. தினமும் தோன்றுகிறது. முடி அடர்த்தியா? யாருடைய நிறம்? ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?

பாம்பனில் நல்ல ஆயா கிடைப்பாள் என்கிறார்கள். எனக்கு இங்கே இரண்டு அறை வீடு உண்டு. கிறிஸ்மஸுக்கு வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிறேன். உனக்கும் எத்தனை நாள் சிரமம் கொடுப்பது? உன் அபிப்பிராயத்தை எழுது.

தம்பி,
அமிர்தராஜ்


பொன்மலை
2 செப்டம்பர் 1936

தம்பி அமிர்தராஜுக்கு, இங்கு சுகம். உன் கடிதம் வந்தது. வீட்டு வேலை அதிகம், எழுதத் தோதுப்படவில்லை.

காவேரியில் தண்ணீர் நிறையப் போகிறது. போட்டோ எடுக்கிறவர் ஊரில் இல்லை. சின்னப் பிள்ளைக்கு ரயிலும் படகும் ஆகாது. கடல் காற்றும் ஆகாது என்கிறார்கள்.

அத்தான் சுகம்.

இருதயமேரி


குருசடைத் தீவு
20 செப்டம்பர் 1936

அன்புள்ள அக்காவுக்கு, இரண்டு மாதம் காத்திருந்து வந்த கடிதம் பத்து வரிதான் இருந்தது. உனக்கு உடம்பு நலமா? அத்தான் நலமா? கோபமாக இருந்தால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

அந்தப் பத்து வரியில் பாப்பாவின் பெயர்கூட இல்லை. என்னை நீ கேட்டதைத்தான் இப்போது நான் உன்னைக் கேட்கிறேன். நிற்கிறாளா? என்ன சாப்பிடுகிறாள்? அடுத்த மாதம் அவளுக்கு ஒரு வயது நிறைகிறது. இங்கே பொறுக்கின சிப்பிகளில் ஓட்டை போட்டுக் கோத்து ஒரு கிலுகிலுப்பை செய்திருக்கிறேன், பார்சலில் வருகிறது. கூர் எல்லாம் தேய்த்துவிட்டேன், பயப்படாமல் கையில் கொடுக்கலாம்.

உடனே பதில் எழுது அக்கா.

அமிர்தராஜ்


பொன்மலை
25 அக்டோபர் 1936

மாப்பிள்ளை அமிர்தராஜுக்கு சவரிமுத்து எழுதிக்கொண்டது. இங்கு இப்போது எல்லோரும் க்ஷேமம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள். உன் அக்கா எழுத மாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன். இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது.

முதலில், பயப்பட வேண்டாம். ரோசரிக்கு இந்த மாதம் நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. புத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வேதவல்லி என்று ஒரு லேடி டாக்டர், ஸ்ரீரங்கத்து அய்யங்கார் வீட்டுப் பெண். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். பிள்ளை பிழைத்துவிட்டது. இப்போது கஞ்சி குடிக்கிறது, என் விரலைப் பிடித்து நடக்கிறது.

போன ஞாயிறு, வீட்டுக்கே கொண்டுவந்து காட்டச் சொன்னார் என்று ஸ்ரீரங்கம் போனோம். உத்தர வீதியில் வீடு. டாக்டரம்மா குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சு சுத்தமா இருக்கு. பெருமாள் கிருபை. இனிமே கவலையே வேண்டாம்" என்றார். அப்புறம் உன் அக்காவைப் பார்த்து, "தலைப்பிரசவம்தானே? ரொம்ப சிரமப்பட்டியோ?" என்று கேட்டார்.

உன் அக்கா பிள்ளையின் சட்டையை இழுத்து விட்டாள். பிறகு, "ஆமாங்க" என்றாள்.

வீதிக்கு வந்ததும் ஒரு சுவர் ஓரமாக நின்றுவிட்டாள். "பொய் சொல்லிட்டேங்க" என்றாள். "பரவாயில்லை, வா" என்றேன். ஜட்கா வண்டி காவேரிப் பாலத்தில் வரும்போது கேட்டாள், "தம்பி வந்து கேட்டா கொடுத்துடணும், இல்லையா?" "கொடுத்துடணும்" என்றேன். "ஆமா, அவன் பிள்ளைதானே" என்றாள்.

உன் ஜூன் மாதக் கடிதம் வந்ததிலிருந்து ஒரு கூத்து நடக்கிறது. ஒரு தகரப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறாள். காலையில் ரோசரியின் சட்டை, போர்வை, சங்கு எல்லாவற்றையும் மடித்து அதில் அடுக்குவாள். சாயங்காலம் நான் வருகிறதற்குள் எல்லாவற்றையும் எடுத்துக் கொடியில் போட்டுவிடுவாள். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள்.

எங்களுக்குக் கலியாணம் ஆகிப் பல வருஷம் ஆயிற்று. எங்களுக்குப் பிள்ளை இல்லாதது உனக்குத் தெரிந்ததுதான். இந்தப் பிள்ளை என்னை அப்பா என்கிறது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை மாப்பிள்ளை, மாதா சத்தியம். அதுவாகவே கூப்பிடுகிறது.

உன் பிள்ளை, உன் உரிமை. நீ வந்தால் நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை வருவேன். மறிக்க மாட்டோம். ஆனால் உன் அக்காவுக்கு ஏன் பேனா ஓடவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதினேன்.

சிப்பிக் கிலுகிலுப்பை வந்தது. அதை வாயில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

இப்படிக்கு,
சவரிமுத்து


குருசடைத் தீவு
6 நவம்பர் 1936

என் அன்பான அக்காவுக்கு, நலம், நலமறிய ஆவல்.

அத்தான் எனக்கு எழுதினார். அவர்மேல் கோபப்படாதே. எழுதாமல் இருந்திருந்தால் நான் முட்டாள்தனமாகக் கிறிஸ்மஸுக்கு ஒரு ஆயாவோடு உன் வாசலில் வந்து நின்றிருப்பேன்.

அந்தத் தகரப் பெட்டியில் அரிசியோ உளுந்தோ கொட்டி வை. ரோசரியின் சட்டை கொடியிலேயே கிடக்கட்டும். தொட்டிலை யாரும் இடம் மாற்றப் போவதில்லை. சளி பிடித்து மூச்சு இழுத்தபோது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது யார்? நான் இங்கே மீனுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாவிடம் நீ சொன்னதில் எந்தப் பொய்யும் எனக்குத் தெரியவில்லை. அவள் உன்னை அம்மா என்றே கூப்பிடட்டும், அத்தானை அப்பா என்றே கூப்பிடட்டும். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்கே தோன்றும்.

ஆனால் நான் அவளைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆகையால் காலேஜுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஜூன் மாதம் டெமான்ஸ்ட்ரேட்டர் இடம் காலியாகிறதாம், எனக்கே தருவதாகப் பதில் வந்துவிட்டது. காட்டூரில் ஒரு அறை பார்த்துக்கொள்வேன். சாயங்காலம் உன் வீட்டில் ஒரு வாய் காப்பி கொடுத்தால் போதும்.

கிறிஸ்மஸுக்கு நான் வரவில்லை. நான் வந்தால், கிளம்புகிற நாள்வரை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேனோ என்று நீ என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாய். நீயாகக் கூப்பிடும்போது வருகிறேன்.

தம்பி,
அமிர்தராஜ்


பொன்மலை
17 ஜனவரி 1937

என் தம்பிக்கு, அக்காள் எழுதுவது. எல்லோரும் சுகம். பொங்கலுக்குக் காளியாயி கரும்பு கொண்டுவந்தாள். ரோசரி ஒரு துண்டை வைத்துக்கொண்டு அரை நாள் போராடினாள்.

உன் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமலே கிறிஸ்மஸ் போய்விட்டது. எழுத உட்கார்ந்தால் அழுகை வருகிறது, காகிதம் நனைந்து போகிறது. அத்தானிடம் நான் கோபப்பட்டேன், ஒரு பொழுது பேசாமலும் இருந்தேன். பிறகு அவருக்குப் பிடித்த குழம்பு வைத்தேன்.

ஒன்று கேட்கிறேன். அந்த மீன் வேலை உனக்கு எத்தனை பெரியது என்று உன் கடிதங்களிலேயே எனக்குத் தெரிகிறது. எங்களுக்காக அதை விட்டுவிட்டு வராதே. நான் வேண்டுமானால் வருஷத்துக்கு இரண்டு தடவை பிள்ளையை அங்கே கொண்டுவந்து காட்டுகிறேன்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். பாஸ்கு முடிந்ததும் அத்தான் ரயில் பாஸ் எடுக்கிறார். போட்மெயிலில் வருகிறோம். சமுத்திரத்தை நான் பார்த்ததில்லை. கடல் காற்று ஆகாது என்று எழுதினேனே, அதை மறந்துவிடு.

உன்னை அவளுக்குக் காட்ட வேண்டும். நீ வா என்று கூப்பிட மனசு வரவில்லை. நானே கொண்டுவந்து உன் கையில் கொடுத்தால்தான் எனக்குப் பயம் போகும்.

அக்காள்,
இருதயமேரி


குருசடைத் தீவு
10 மார்ச் 1937

அன்புள்ள அக்காவுக்கு, வாருங்கள். நான் நலம், இப்போதுதான் முழு நலம். மண்டபம் ஸ்டேஷனில் காத்திருப்பேன். படகில் ஏறும்போது பிள்ளையை அத்தான் தூக்கிக்கொள்ளட்டும், அவளுக்கு நான் புது முகம்.

தொட்டியில் ஒரு அதிசயம். தாய் செத்தபின் மிஞ்சியது வெட்டுத் துடுப்புத் தகப்பனும் அந்தப் பொடிசும். தகப்பன் மாதாமாதம் பெருத்துக்கொண்டே வந்தது. பொடிசும் கொஞ்சம் வளர்ந்து, இப்போது அதுதான் கல்லைச் சுத்தம் செய்கிறது. போன வாரம் முட்டையிட்டது யார் தெரியுமா? வெட்டுத் துடுப்பு! என் கண்ணால் பார்த்தேன். போன வருஷம் முட்டைக்கு விசிறிக்கொண்டிருந்த அதே மீன்.

அதிகாரி நம்பவில்லை. "மீனை மாற்றி வைத்துவிட்டாய், அல்லது ஆரம்பத்திலேயே பெண்ணை ஆண் என்று எழுதிவிட்டாய்" என்கிறார். நானும் என்னையே சந்தேகப்பட்டுப் பார்த்தேன். துடுப்பின் வெட்டு பொய் சொல்லாது. ஆனால் ஒரே ஒரு மீனை வைத்து உலகத்துக்கு எதுவும் சொல்ல முடியாது. இன்னும் பல தொட்டி, பல வருஷம் வேண்டும். பார்த்தது பார்த்தபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்குப் பின்னால் வருகிறவர் பார்க்கட்டும்.

இதற்காகவாவது நான் இங்கேயே இருக்க வேண்டும் என்று நீ சொல்வாய். யோசித்தேன் அக்கா. மீன்கள் இன்னும் எத்தனையோ காலம் இந்தக் கடலில் முட்டையிடும். ரோசரிக்கு இரண்டு வயது ஒரு தடவைதான் வரும். ஜூன் மாதம் வருகிறேன்.

தம்பி,
அமிர்தராஜ்


பொன்மலை
4 மே 1937

என் அன்புத் தம்பிக்கு, நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். ரயிலில் கரி விழுந்து மூவரும் ஒர்க்ஷாப்பிலிருந்து வருகிறவர்கள் மாதிரி வந்து இறங்கினோம். நீ கட்டிக் கொடுத்த கருவாடு பெட்டி முழுக்க மணக்கிறது.

சமுத்திரத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அவ்வளவாகச் சொல்லத் தெரியவில்லை. நான் கடலைப் பார்த்ததைவிட உன்னைப் பார்த்ததுதான் அதிகம். முதல் நாள் அவள் உன்னைக் கண்டு அழுது என் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஆனால் நீ அவளைத் தூக்க அவசரப்படவில்லை. தொட்டிக் கரையில் போய் உட்கார்ந்து, உன் பாட்டுக்கு மீனோடு பேசிக்கொண்டிருந்தாய். மறுநாள் அவளே இறங்கி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கவுனைப் பின்னால் இருந்து நீ பிடித்துக்கொண்டாய், அவள் தண்ணீரை அடித்தாள். அதை நானும் அத்தானும் சமையல் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். "சரி, நீ பயந்த மாதிரி ஒண்ணும் ஆகலையே" என்றார் அத்தான். "இல்லைங்க" என்றேன்.

இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வந்ததிலிருந்து ரோசரி வீட்டில் தண்ணீர் இருக்கிற எந்தப் பாத்திரத்தையும் விடுவதில்லை. குளிக்கிற தொட்டி, காளியாயி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற வாளி, நான் மூடி வைத்த குடம்கூட. குனிந்து உள்ளே பார்த்து, "ப்பா! வா!" என்று கூப்பிடுகிறாள். அத்தான் முதல் நாள், "இங்கே இருக்கேன்டா கண்ணு" என்று பின்னாலிருந்து சொன்னார். திரும்பி அவரைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள், இல்லை என்று. மறுபடி குனிந்து தண்ணீருக்குள் உன்னைக் கூப்பிட்டாள். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள்.

காட்டூரில் அறை பார்க்க வேண்டாம். எங்கள் தெருவிலேயே ஒரு வீடு காலியாகிறது, அத்தான் பேசி வைத்துவிட்டார்.

ஜூன் வரைக்கும் காத்திருக்க முடியாதா என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் சீக்கிரம் வா தம்பி. குடத்துக்குள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பிள்ளைக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அக்காள்,
இருதயமேரி